நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணை

மலைநாட்டு வரலாறு என்றவுடன் கோப்பியும் தேயிலையுமே நேயர்களின் நினைவுக்கு வரும். அவ்விரண்டின் பெரும்புகழில் மறைந்து கிடக்கும் சிறு நிகழ்ச்சி ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆங்கிலக் குடும்பம் ஒன்று நுவரெலியாச் சமவெளியிலே, தன் நாட்டு முறையில் ஓர் உழவுப் பண்ணையை அமைக்க முற்பட்டது. கப்பலேற்றிக் கொண்டுவந்த கால்நடைகளும் கருவிகளும் விதைகளும் அதற்குத் துணையாயின. முதலாண்டு முடிவதற்குள் அவற்றுட் பெரும்பகுதி அழிந்தது. அக்குடும்பம் இழந்தவை யாவை, இழந்த பின்னும் அது எவ்வாறு எழுந்தது என்பவற்றை ஆராய்வது, அப்பண்ணையின் வேலிக்குள் அடங்கிவிடும் செய்தி அன்று. மலைநாட்டில் இழப்பு நேர்ந்த காலமெல்லாம் யார் எழுந்தனர், யார் எழ இயலாது வீழ்ந்தே கிடந்தனர் என்னும் பெரிய வினாவுக்கு அது தோற்றுவாயாக அமைகின்றது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், பிதுருதலாகலை மலையின் அடிவாரத்தில் அமைந்தது நுவரெலியா. 1819ஆம் ஆண்டில் ஜோன் டேவி என்னும் மருத்துவர் அங்குச் சென்று, அதன் தட்பவெப்பத்தை வியந்து எழுதினார். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பாண்ஸ், நோயுற்ற போர்வீரர் உடல் தேறுதற்குரிய இடமாக அதனை ஆக்கினார். தமக்கும் அங்கு ஒரு மாளிகை எடுப்பித்தார். ஆயினும், 1840ஆம் ஆண்டுகளில் அது சில வீடுகளும், சதுப்பு நிலமும், புல்வெளிகளும், அவற்றைச் சூழ்ந்த அடர்ந்த காடுமாகவே இருந்தது.

சாமுவேல் பேக்கர் என்பவர் 1821இல் இலண்டனில் பிறந்தவர். அவர் குடும்பத்தாருக்கு மொரீசியசுத் தீவில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அத்தீவில் சிலகாலம் வாழ்ந்த பின்னர், வேட்டையில் கொண்ட பெருவிருப்பால் 1846 அளவில் அவர் இலங்கைக்கு வந்தார். தாழ்நாட்டுக் காடுகளில் ஓராண்டு யானை வேட்டையாடித் திரிந்தவரைக் கடுங் காய்ச்சல் பற்றியது. உடல் தேறுமாறு நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்ட அவர், இரண்டு வாரங்களுக்குள் பழைய வலிமையைப் பெற்றார். இத்துணை நல்ல தட்பவெப்பமுள்ள நிலம் உழுவாரின்றிக் கிடப்பது ஏன் என்னும் கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. அங்கே ஆங்கிலக் குடியேற்றம் ஒன்றை அமைத்தல் வேண்டும் என்று உறுதி பூண்டு அவர் தாயகம் திரும்பினார்.

அக்கேள்விக்கு நிலமே ஒரு விடை வைத்திருந்தது. நுவரெலியாச் சமவெளியில் பழைய நீர்க்கால்களின் தடங்களையும், மணிக்கல் அகழ்ந்தோர் விட்டுச்சென்ற குழிகளையும் பேக்கரே கண்டு எழுதியிருக்கின்றார். முன்னோர் அந்நிலத்தை அறியாமல் விட்டாரல்லர். அறிந்து, அதனிடத்துப் பெறத்தக்கதைப் பெற்றுச் சென்றனர். நெல்லுக்கு ஏற்ற பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த கண்டி நாட்டுக் குடியானவர், அக்குளிர்ந்த மேட்டுநிலத்தைக் காடாகவும் புல்லாகவும் விட்டுவைத்தமைக்குக் காரணம் இல்லாமலில்லை. அக்காரணத்தை அவர் யாரிடத்தும் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை.

நிலத்தை வாங்குவதில் அவருக்குச் சிரமமிருக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைச் சான்று காட்டப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக ஆக்கியிருந்தது. அங்ஙனம் அரசு கைப்பற்றிய நிலம் ஏக்கர் 20 சிலின் வீதம் விற்கப்பட்டது. அவ்விலைக்குப் பேக்கர் பரந்த நிலப்பரப்பு ஒன்றை வாங்கினார். அதே ஆண்டாகிய 1848இன் ஜூலை மாதத்தில், புதிய வரிகளை எதிர்த்து மாத்தளைப் பகுதியில் கிளர்ச்சி மூண்டது. ஓகஸ்ற் மாதம் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். ஒருபுறம் கண்டி நாடு படைச்சட்டத்தின் கீழ் அமுங்கிக் கிடக்க, மறுபுறம் இலண்டன் துறைமுகத்தில் நுவரெலியாவுக்கென ஒரு கப்பல் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தது.

அக்கப்பலின் பெயர் 'ஏர்ல் ஒவ் ஹாட்விக்'. பேக்கரின் சகோதரரும் இருவர் குடும்பத்தாரும் அதில் ஏறினர். பண்ணைக் காரியக்காரர் ஒருவர், அவர் மனைவி, மகள், மற்றும் கொல்லர் உள்ளிட்ட குடியேறிகள் ஒன்பதின்மர் உடன் வந்தனர். டேர்ஹம் இனப் பசு ஒன்று, கலப்பினக் காளை ஒன்று, மூன்று வெவ்வேறு இனச் செம்மறிக் கடாக்கள், உயர்குலக் குதிரை ஒன்று, வேட்டைநாய்க் கூட்டம் ஒன்று, பிரான் என்று பெயர் பெற்ற வேட்டைநாய் ஒன்று ஆகியவும், புதுமுறை உழுபடைகளும், மரமறுக்கும் பொறிகளும், பலவகை விதைகளும் கப்பலில் ஏற்றப்பட்டன. செப்டெம்பரில் அது புறப்பட்டது. பேக்கர் அதற்கு முந்திய மாதமே தரைவழித் தபாற் பாதையாற் புறப்பட்டுவந்து, காட்டை அழிப்பிப்பதிலும் வீடுகள் கட்டுவிப்பதிலும் ஈடுபட்டார். இவ்வளவையும் அவரே விரித்து எழுதியுள்ளார்; இலங்கையில் தாம் அலைந்து திரிந்த எட்டு ஆண்டுகளைப் பற்றிய அந்நூல் 1855இல் வெளிவந்தது.

இழப்பு, பண்ணையை அடையுமுன்பே தொடங்கிற்று. கொழும்பிலிருந்து நுவரெலியா 115 மைல். கண்டிவரை நல்ல வீதி உண்டு. அதற்கு மேல் றம்பொடைக் கணவாயின் செங்குத்தான ஏற்றம். டேர்ஹம் பசுவை வண்டியிலேற்றினர். அதன் பாரந் தாங்காது வண்டியின் அடிப்பலகை உடைந்தது. பின்னர் அதனை நடத்திச் சென்றனர். வெப்பத்தையும் வழித்துன்பத்தையும் பொறாது அது வழியிலேயே மாண்டது. குளிர்நாட்டுப் பசுவுக்குக் குளிர்ந்த மலை ஏற்றதாயிருக்கலாம். ஆனால் அம்மலைக்குச் செல்லும் வழி வெப்பநாட்டின் வழி என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்து, குடும்பத்தினருக்கென வந்த குதிரைவண்டி. அதனை மலைப்பாதையில் ஓட்டிவந்த குதிரைக்காரரின் கவனக்குறைவால், வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் வீழ்ந்தன. அவ்விபத்தின் பின் உதவிக்கு வந்த அரசாங்க யானை ஒன்றை, மதுமயக்கத்தில் அதே குதிரைக்காரர் மலையேற்றத்தில் இளைப்பாறவிடாது விரட்டிச் செலுத்தினார். களைத்த யானை வீழ்ந்து இறந்தது. பேக்கர் இச்செய்திகளை நகைச்சுவை தோன்ற எழுதிச் செல்கின்றார். அவருடைய நூலைப் படித்தோர் நெடுங்காலம் நினைத்துச் சிரித்த பகுதியும் இதுவே. அந்த யானையைப் பழக்கிய பாகனுக்கு அது நகைப்புக்குரிய செய்தியாக இருந்திருக்க இயலாது. அவன் யாவன், அதன்பின் அவனுக்கு நேர்ந்தது யாது என்பன பதிவு பெறவில்லை.

பண்ணையிலோ, துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. பெருமரங்களை வீழ்த்தினும், அவற்றின் வேர்முண்டுகளைக் கிளறி எடுத்தாலன்றி ஆங்கிலக் கலப்பை அந்நிலத்தில் ஓடாது. அவ்வேலை காடு வெட்டும் வேலையினும் கடினமும் செலவும் மிக்கதாயிற்று. யானை பூட்டிய பெரிய உழுபடையும் பயன்படுத்தப்பட்டது. கருமையாகத் தோன்றிய மண்ணைக் கண்டு அது வளமிக்கது என நம்பினர். எருவின்றி அம்மண் எதனையும் தாங்கி வளர்க்காது என்பது பின்னரே தெரிந்தது. நட்ட உருளைக்கிழங்கு செழித்து முளைத்தது. ஆயினும் புதுநிலத்தின் அடியில் மறைந்திருந்த வண்டுகளின் வெண்புழுக்கள் கிழங்குகளைத் தின்று அழித்தன. ஓட்ஸ் என்னும் தானியம் கதிர் பிடித்தபோது, காட்டிலிருந்து இரவில் வந்த மரைகளும் காட்டுப்பன்றிகளும் அவ்விளைவை அழித்தன.

இவற்றினும் கொடிது கால்நடைகளைத் தாக்கிய கொள்ளைநோய். கொழுத்த எருதுகள் 26, சில நாள்களுக்குள்ளேயே மடிந்தன. அவுஸ்திரேலியாவிலிருந்து தருவிக்கப்பட்ட குதிரைகள் ஐந்து முதலாண்டிலேயே இறந்தன. உழுவதற்கும் வண்டி இழுப்பதற்கும் எருவுக்கும் கால்நடையையே நம்பியிருந்த பண்ணைக்கு, இஃது உயிர்நிலையில் விழுந்த அடியாகும். எருதில்லையேல் எருவில்லை, எருவில்லையேல் விளைவில்லை, விளைவில்லையேல் எருதுக்குத் தீனியில்லை. உழவை அறிந்த எந்தக் குடும்பமும் இச்சுழலை அறியும். தஞ்சையாயினும் யாழ்ப்பாணமாயினும், உழவு மாடு இறந்த வீட்டில் ஒலிக்கும் அழுகை ஒன்றே.

வள்ளுவர், வினை செய்வோன் அறியவேண்டுவனவற்றுள் வலியும் காலமும் கூறி, அவற்றையடுத்து இடனறிதல் என்றோர் அதிகாரம் வகுத்தார். தனக்குரிய இடத்தில் பெருவலி படைத்த தேரும் யானையும், இடம் மாறியபோது பயனற்றுப் போதலை அவ்வதிகாரம் எடுத்துக்காட்டும். அரசர்க்கும் அமைச்சர்க்கும் அவர் உரைத்தது உழவனுக்கும் பொருந்தும். பேக்கரிடம் வலி இருந்தது, ஊக்கமும் இருந்தது, பொருளும் இருந்தது. இடத்தை அறிதல் ஒன்றே இருக்கவில்லை. நுவரெலியாவின் குளிரைக் கண்டு அவர் அதனை இங்கிலாந்து என்று எண்ணினார். அதன் மழையும் மண்ணும் புழுவும் விலங்கும் இலங்கையினவே என்பதை ஓராண்டு இழப்பு அவருக்குக் கற்பித்தது.

கற்றபின் அவர் எழுந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். இழந்த கால்நடைகளுக்கு ஈடாக வேறு கால்நடைகள் வாங்கப்பட்டன. நிலத்துக்கு எரு இடப்பட்டது. சில ஆண்டுகளில் பண்ணை நிலைபெற்றது. ஐரோப்பியக் காய்கறிகள் அங்கே நன்கு வளரும் என்பதும் ஐயமின்றி விளங்கிற்று. 1855இல் பேக்கர் இலங்கையை விட்டு நீங்கினார். அவ்வாண்டின் இறுதியில், பிரான்சு நாட்டில் அவர் மனைவி என்றியேற்றா காய்ச்சலால் இறந்தார். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் எழுவருள் பெண்மக்கள் நால்வரே வளர்ந்து நிலைத்தனர். பொருளிழப்பை நகைச்சுவையாக எழுதிய அக்குடும்பத்திலும், எழுத்தில் அடங்காத துயரம் இருந்தது. பிற்காலத்தில் பேக்கர் ஆப்பிரிக்காவில் பயணஞ் செய்து, 1864இல் அல்பேட் ஏரியைக் கண்டு, உலகப்புகழ் பெற்றார். ஓட்டன் சமவெளியிலுள்ள நீர்வீழ்ச்சி அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இவ்வரலாற்றைக் கூறுவோர் பலர். முயற்சி இருந்தது உண்மை, மறுப்பாரில்லை. ஆயினும், 26 எருதுகளை இழந்தவன் மீண்டும் எருது வாங்குவதற்கு முயற்சி மட்டும் போதாது, முதலும் வேண்டும். மொரீசியசின் கரும்பும் இலண்டன் வணிகமும் ஈட்டிய செல்வம் அக்குடும்பத்தின் பின்னே நின்றது. தோல்வி அவர்களுக்கு ஒரு பாடமாக அமைந்ததற்குக் காரணம், பாடத்துக்குரிய கட்டணத்தைச் செலுத்த அவர்களால் இயன்றமையே. அக்கட்டணத்தைச் செலுத்த இயலாதார்க்கு அதே தோல்வி அழிவாக முடிந்திருக்கும்.

அத்தகையோர் அந்நிலத்திலேயே இருந்தனர். காட்டை வெட்டியவரும், வேர்களைக் கிளறியவரும், பொதிகளை மலைமேற் சுமந்தவரும் கூலியாட்கள். பிரான் என்னும் வேட்டைநாயின் பெயர் நூலில் இருக்கின்றது. காட்டை அழித்து நிலமாக்கிய அவ்வாட்களின் பெயர்ப்பட்டியல் அதில் இல்லை. அக்காலத்திற் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாக நடந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையாகி வழியிலேயே மாண்டவர் எத்தனையோ பேர். பசு ஒன்று றம்பொடை வழியில் இறந்தது நூலில் ஏறியது. அவ்வழிக்கு வரும் வழியில் மனிதர் இறந்தது பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை.

இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை, இருபது ஆண்டுகளின் பின் வந்த பேரிழப்பொன்று வெளிப்படுத்திற்று. 1869இல் மடுல்சீமைப் பகுதியிலுள்ள கோப்பிச் செடிகளின் இலைகளில், செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் காணப்பட்டன. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவைற்ஸ், அவ்விலைகளை இங்கிலாந்திலுள்ள பேர்க்லி என்னும் காளானியல் அறிஞருக்கு அனுப்பினார். அவர் அந்நோய்க்குரிய பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பாழ்செய்வது என்னும் பொருள் அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. தோட்டத் துரைமாரோ, ஹெமிலியா என்பதை எமிலி என்னும் பெண்பெயராகத் திரித்து விளையாட்டாகப் பேசினர்.

விளையாட்டு நெடுநாள் நீடிக்கவில்லை. 1870ஆம் ஆண்டளவில் பத்து லட்சம் அந்தர் அளவை எட்டியிருந்த கோப்பி ஏற்றுமதி படிப்படியாகக் குறைந்தது. எனினும் உலகச் சந்தையில் விலை உயர்ந்தமையால், குறைந்த விளைவும் மிகுந்த பணத்தைத் தந்தது. அம்மயக்கத்தில் திம்புலை, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய பகுதிகளிற் புதிய காடுகள் அழிக்கப்பட்டு மேலும் கோப்பியே நடப்பட்டது. 1878இல் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கராக விரிந்தது. நோயை ஆராய 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர், நோயின் வித்திகள் காற்றாற் பரவுகின்றன என்று காட்டினார். மலைக்குமேல் மலையாக ஒரே பயிர் நிற்கும் நாட்டில், காற்றைத் தடுப்பதற்கு இடையில் வேறு காடு இல்லை. பேக்கரின் பண்ணையில் ஓராண்டில் நிகழ்ந்த அதே பிழை, இங்கே நாடளவிற் பெருகிற்று. இடத்தை அறியாது ஒன்றையே நம்பி நட்டதன் பயன் அது.

1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த பெருவங்கி அது. அதன் நாணயத்தாள்களுக்குத் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அரசின் பொறுப்பை அளித்திராவிடின், குழப்பம் இன்னும் பெருகியிருக்கும். தோட்டத்துரைமாருட் பலர் எல்லாவற்றையும் இழந்து தீவை விட்டகன்றனர். அவர் துன்பமும் துன்பமே. ஆயினும், எஞ்சியோர்க்கு மாற்றுப் பயிர் ஒன்று ஆயத்தமாய் இருந்தது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் என்பவர் 1867இலேயே 19 ஏக்கரிற் தேயிலை நட்டு, தம் வீட்டு விறாந்தையில் இலைகளைக் கையால் உருட்டச் செய்து, தூளாக்கும் முறையை ஆராய்ந்து வந்தார். 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, 1890களின் நடுவில் மூன்று லட்சம் ஏக்கரைக் கடந்தது. 1885இல் புகைவண்டி நானுஓயாவை அடைந்தது. இழப்பிலிருந்து தோட்டத்தொழில் எழுந்தது.

தொழிலாளி எங்ஙனம் எழுந்தான் என்பதே எஞ்சியுள்ள வினா. கோப்பி அழியத் தொடங்கிய அதே காலத்தில், 1876 முதல் 1878 வரை, தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் கொடுமை புரிந்தது. ஊரில் உண்ண வழியின்றித் தப்பியோடிய குடும்பங்கள், விளைவு குன்றிவரும் தோட்டங்களை நோக்கி வந்தன. பின்னே பஞ்சம், முன்னே நோயுற்ற கோப்பி. துரைக்கு மாற்றுப் பயிர் இருந்தது, வங்கி இருந்தது, இங்கிலாந்துக்குத் திரும்பும் கப்பலும் இருந்தது. தொழிலாளிக்கு இருந்தது கங்காணியின் கடனேடு ஒன்றே. வழிச்செலவும் அரிசியும் துணியும் அவன் பேரில் கடனாக எழுதப்பட்டன. தோட்டத்தில் வேலை குறைந்தால் கூலி குறைந்தது, கடன் குறையவில்லை. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதாயின், அக்கடனைக் குறிக்கும் துண்டும் அவனோடு சென்றது. புதிய துரை பழைய கடனைத் தீர்த்து அவனைப் பெற்றுக்கொள்வார். தீர்த்த தொகை மீண்டும் அவன் பேரிலேயே நிற்கும். இத்துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. பயிர் மாறியும், துரை மாறியும், வங்கி முறிந்தும் மாறாது நின்ற கடன் அது.

பேக்கரின் பண்ணை தொடங்கிச் சரியாக நூறாண்டு கழிந்த 1948இல், புதிதாகச் சுதந்திரம் பெற்ற இலங்கை நாட்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கிற்று. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டுவரை சட்டமியற்ற வேண்டியதாயிற்று. 20 சிலினுக்கு ஓர் ஏக்கர் வாங்கக்கூடியவராய் ஒருவர் கப்பலில் வந்திறங்கிய அதே மலையில், தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்க்குத் தாம் வாழும் லயத்தின் தரைகூடச் சொந்தமாயிருக்கவில்லை. சொந்த நிலமின்மை என்பது வறுமையின் ஒரு பகுதி மட்டுமன்று. இழப்பு வரும்போது பற்றிக்கொள்ளத் தூண் இல்லாமையும் அதுவே.

இன்று நுவரெலியாவைச் சூழ்ந்த சரிவுகளில் கரற்றும், லீக்ஸும், கோவாவும், பீற்றூட்டும், உருளைக்கிழங்கும் அடுக்கடுக்காக விளைகின்றன. பேக்கர் கண்ட கனவு ஒருவகையில் நிறைவேறியிருக்கின்றது என்னலாம். நிறைவேற்றியவர் வேறு மக்கள். அவருட் பலர் சிறு துண்டு நிலம் உடையவர். வேறு பலர் தோட்ட ஓரத்தில் மண்வெட்டியால் கொத்திப் பண்படுத்திப் பயிரிடுவோர். எந்த மழைக்கு எந்தப் பாத்தி, எந்தச் சரிவில் எந்த வரப்பு, எப்பயிரின் பின் எப்பயிர் என்பவற்றை அவர்கள் அறிவர். அவர்களிடத்தில் இடனறிதல் குறைவில்லை. ஆனால் இடத்தை அறிந்தவருக்கும் இழப்பு வரும் என்பதை 2021ஆம் ஆண்டு காட்டிற்று.

அவ்வாண்டின் மே மாதத்தில், இரசாயன உரங்களை இறக்குமதி செய்தல் அரசால் திடீரெனத் தடைசெய்யப்பட்டது. கால அவகாசமோ மாற்று உரமோ போதிய அளவு இருக்கவில்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது, போகம் ஒன்று கைநழுவியிருந்தது. பின்னர் 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியால் உரவிலையும் எரிபொருள் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறின. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த தேயிலை விளைவு, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகக் குறைந்தது. காய்கறிப் பயிரிட்ட சிறு உழவரோ, கடன் வாங்கி விதைத்ததைக் கடன் தீர்க்கப் போதாத விளைவாகக் கண்டனர். ஒரு கையெழுத்தால் தொடங்கிய அவ்விழப்பின் கணக்கு, பலருடைய வீடுகளில் இன்னும் அடகுச் சீட்டாக இருக்கின்றது.

இங்ஙனம், மலைநாட்டின் மூன்று இழப்புக் காலங்கள் ஒன்றையொன்று விளக்குகின்றன. பேக்கரின் பண்ணைக்கு நேர்ந்தது அறியாமையால் வந்த இழப்பு. கோப்பிக்கு நேர்ந்தது பேராசையும் ஒற்றைப் பயிரும் சேர்ந்து விளைத்த இழப்பு. 2021இல் நேர்ந்தது, உழவனைக் கேளாது செய்த முடிவால் உழவன் தலையில் வீழ்ந்த இழப்பு. காரணங்கள் வேறாயினும், முடிவைத் தீர்மானித்தது ஒன்றே. விழுந்தவனுக்குப் பின்னே நிலமோ சேமிப்போ நியாயமான கடனோ இருந்ததா என்பதே அது. இருந்தபோது, இழப்பு அனுபவமாயிற்று; அவன் அதனை நூலாகவும் எழுதினான். இல்லாதபோது, அது தலைமுறைக் கடனாயிற்று. அதனை எழுத அவனுக்கு ஏடும் இல்லை.

இடுக்கண் வந்தபோது உள்ளந் தளராதே என்று அறநூல்கள் உரைக்கும். வள்ளுவரும் அதற்கென ஓர் அதிகாரம் வைத்தார். அவ்வறம் தனிமனிதனுக்குரியது. ஆனால், அவன் தளராது நிற்பதற்குக் காலின்கீழ் நிலம் வேண்டும் என்பது சமுதாயத்துக்குரிய அறம். கொள்ளைநோயில் மாடிழந்த உழவனுக்குக் காப்புறுதியும், பயிரிழந்தவனுக்கு நெடுநாட் கடனும், தோட்டத் தொழிலாளிக்குத் தன் பேரில் உறுதி எழுதிய வீட்டுநிலமும் கிடைக்குமாயின், அடுத்த இழப்புக் காலத்தில் மலைநாட்டில் எழுந்து நிற்போரின் தொகை மிகும். இழப்பே வாராத காலம் என்று ஒன்று இல்லை. மழையும் புழுவும் மரையும் பன்றியும் பேக்கரின் காலத்தில் இருந்தன, இன்றும் இருக்கின்றன, நாளையும் இருக்கும். அவற்றின் முன் மனிதரைத் தனியே நிறுத்தாதிருத்தலே மக்கள் செய்யக்கூடியது.